கைராசி

என் அக்காளுக்குக் கைராசி கிடையாது என்பது எங்கள் குடும்பத்தில் முப்பது வருஷமாக நிலைபெற்றுவிட்ட சித்தாந்தம். அதை முதலில் யார் சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. இந்த மாதிரி வாக்கியங்களை எழுதியவர் யாரென்று தெரிவதில்லை. ஒப்பிப்பவர்கள்தான் தலைமுறைக்கு நாலு பேர் கிடைத்துவிடுகிறார்கள்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. பின்புறம் ஒரு சின்னக் கொல்லை. அதில் அக்காள் இதுவரை ஐந்தாறு கறிவேப்பிலைக் கன்றுகள் நட்டிருக்கிறாள். ஒன்றாவது இடுப்பு உயரம் வந்ததில்லை. முதல் இரண்டு மாதம் தளதளவென்று நிற்கும். பிறகு கொழுந்து மஞ்சளாகும். இலை முழுதும் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். அப்புறம் ஓரம் கருகும். குச்சியாகும். ஒரு நாள் லேசாகத் தொட்டால் கையோடு வந்துவிடும்.

நான் நட்டது பட்டுப்போயிருந்தால், 'கன்று சரியில்லை, நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று சொல்லியிருப்பார்கள். அக்காள் இருபத்தாறு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். குழந்தை கிடையாது. ஆகவே அவள் விஷயத்தில் கன்றின் மேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. "அவ கை அப்படி" என்றார்கள். அந்த மூன்று சொல்லில் கறிவேப்பிலை மட்டுமா அடங்கியிருந்தது?

அவளும் தன்னாலானதைச் செய்து பார்த்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டாள். புளித்த மோரை ஊற்றினாள். வேருக்குப் பக்கத்தில் பழைய துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்தாள். எதற்கும் பலன் இல்லை. கடைசியில் அவளே அந்தச் சித்தாந்தத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். ஒருவரைப் பற்றி ஊர் சொல்வதை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டால் பிறகு ஊருக்கு வேலை மிச்சம்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கை மகள் தர்மபுரியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தாள். வாசலில் ஒரு தென்னங்கன்று நட வேண்டும். குடும்பத்தில் மூத்தவள் அக்காள்தான். குழி தோண்டித் தயாராக இருந்தது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல், சாதாரணமாக, கோபதாபம் எதுவும் இல்லாமல், "வேற யாராச்சும் வெக்கட்டுமே" என்றது. அக்காள் அதற்கு முன்பே இரண்டடி பின்னால் போய்விட்டாள். "எனக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. நீங்க வையுங்க" என்று சிரித்தாள். சிரிக்கும்போது வழக்கம்போலப் புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு இடுப்பு வலி கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு கதையில் தொட்டதெல்லாம் பட்டுப்போகும் கையையுடைய ஒரு பெண் வருகிறாள். கதையைப் படித்தவர்கள் அந்தக் குறியீட்டை வெகுவாக மெச்சினார்கள். அக்காளும் படித்தாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். 'வேற யாராச்சும்' என்று சொன்ன அந்தக் குரலைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அன்றிரவு எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. முப்பது வருஷமாகக் கையைப் பரீட்சை செய்து தீர்ப்புச் சொல்லியாயிற்று. மண்ணை யாராவது பரீட்சை செய்தார்களா?

மண்ணைப் பரீட்சை செய்வது எங்கள் சீமைக்குப் புதிதல்ல. 1792-இல் பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்க வந்த அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, மண்ணைப் பார்த்து, வரி விதிக்க முனைந்தார்கள். மன்றோ தர்மபுரியில் தங்கி ஒரு தோட்டமும் போட்டார். 1799-இல் கன்னடக் கரைக்கு மாற்றலானபோது அந்தத் தோட்டத்தை விட்டுப் போக அவருக்கு மனமே இல்லை என்பது அவருடைய கடிதங்களில் தெரிகிறது. இன்றைக்கும் கிராமக் கணக்கில் 'அ' பதிவேட்டைத் திறந்தால் புல எண்ணுக்கு நேரே 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்' என்று பத்திகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பரீட்சையெல்லாம் மண் எவ்வளவு கொடுக்கும் என்று தெரிந்துகொள்ள; மண்ணுக்கு எது குறைவு என்று கேட்க அல்ல. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கென்று சர்க்கார் மண் பரிசோதனை நிலையங்கள் இந்தியாவில் 1955-56-இல்தான் ஏற்பட்டன. 2015-இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. காடு கழனிக்குத்தான் அதெல்லாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கொல்லை மண்ணும் மண்தானே?

பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்து 1925-இல் கண்மூடிய ஊர் அது. அங்கே போய் விசாரித்துவிட்டு வந்து மண் எடுக்க உட்கார்ந்தேன். அக்காள் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா தம்பி, மண்ணுக்கென்ன காய்ச்சலா, பரிசோதனை பண்ண?"

"காய்ச்சல் யாருக்குன்னு பார்த்துடலாம்கா."

மண் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனால் அது அந்தப் பிடியின் குணத்தைத்தான் சொல்லும். எருக்குழி ஓரம், மரத்தடி, வரப்பு, வாய்க்கால் ஆகிய இடங்களை விட்டுவிட வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் ஆப்பு வடிவமாக 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துக்களைப் பார்ப்பதானால் துருப்பிடித்த மண்வெட்டியும் தகர முறமும் கூடாது. நான் மூங்கில் பட்டையால் சீவிப் பிளாஸ்டிக் வாளியில் சேர்த்தேன். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, பங்காளிகள் சொத்துப் பிரிப்பதுபோல நாலு பாகமாக்கி, எதிரெதிர் பாகம் இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மீதியை மறுபடி கலந்து மறுபடி நாலாக்க வேண்டும். இப்படியே அரைக் கிலோ மிஞ்சும்வரை செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட வேண்டும். கொல்லை மண் ஒரு பை. வேலிக்கு அப்பால் எங்கள் கேழ்வரகுக் காட்டு மண் ஒரு பை. இரண்டாவது பை யார் சொல்லியும் எடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்று தோன்றிற்று, அவ்வளவுதான்.

முடிவு வந்த அன்று அக்காளையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு இளம்பெண் அதிகாரி. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கேள்வி கேட்டாள், டாக்டர் நாடி பிடிப்பதற்கு முன் கேட்பது போல.

"அம்மா, கொல்லையில என்னென்ன போடுவீங்க?"

"சாம்பல் போடுவேன் கண்ணு. வேற ஒண்ணும் இல்ல."

"வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பழக்கம் உண்டா?"

"பொங்கலுக்குப் பொங்கல் அடிப்போம்."

"மீதிச் சுண்ணாம்பு?"

அக்காள் என்னைப் பார்த்தாள். "கொல்லையிலதான் கொட்டுவோம். வேற எங்க கொட்டறது?"

"பழைய வீட்டை இடிச்சுக் கட்டினீங்களா?"

இடித்துத்தான் கட்டினோம். முப்பது வருஷம் இருக்கும். பழைய ஓட்டு வீட்டின் சுண்ணாம்புக் காரையையெல்லாம் கொல்லைப் பள்ளத்தில் கொட்டி, மேலே ஒரு முழம் மண் போட்டு மட்டப்படுத்தினோம். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். செய்துவிட்டு மறந்தும் போனேன்.

அந்தப் பெண் எங்கள் கொல்லை மண்ணில் ஒரு சிட்டிகையைத் தட்டில் வைத்து இரண்டு சொட்டு அமிலம் விட்டாள். சோடாவைத் திறந்தாற்போல நுரைத்துப் பொங்கியது. காட்டு மண்ணில் விட்டாள், சும்மா கிடந்தது. "பார்த்தீங்களா ஐயா, பொங்குறது சுண்ணாம்பு" என்றாள்.

பிறகு எண்களைச் சொன்னாள். மண் புளிப்பா, காரமா என்று காட்டும் அளவுக்குப் பி.எச். என்று பெயர். 1909-இல் ஸோரன்ஸன் என்ற டென்மார்க் ரசாயன அறிஞர், கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் வேலை செய்தபோது கண்டுபிடித்த அளவு. ஏழு என்றால் நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். எங்கள் காட்டு மண் 7.4. கொல்லை மண் 8.8. வித்தியாசம் ஒன்றரைகூட இல்லையே என்று நினைத்தேன். இந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்காம். அந்தப்படி எங்கள் கொல்லையின் காரம் காட்டைவிடச் சுமார் 25 மடங்கு. மக்கின் அளவைச் சொல்லும் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு, எங்களுக்கு 0.31. சாம்பல் சத்து வேண்டிய மட்டும் இருந்தது. அக்காள் கொட்டிய சாம்பலுக்குக் குறைவா என்ன? இரும்புச் சத்துக்கு எதிரே 'பற்றாக்குறை' என்று எழுதியிருந்தது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். இரும்பிலேயே வேர்விட்டு நிற்கும் செடிக்கு இரும்புப் பஞ்சமா?

"இரும்பு இருக்கு ஐயா. ஆனா அது செடிக்குக் கிடைக்காது" என்று அந்தப் பெண் விளக்கினாள். வேர் எதையும் கடித்துத் தின்பதில்லை; தண்ணீரில் கரைந்ததைத்தான் குடிக்கும். பி.எச். ஒரு எண் ஏறினால் இரும்பு கரைவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பூட்டிய களஞ்சியத்தின் வாசலில் பட்டினி கிடப்பது போலத்தான். இரும்பில்லாமல் பச்சையம் உண்டாகாது. பழைய இலையிலிருந்து புது இலைக்கு இரும்பு நகர்ந்து போவதும் இல்லை. அதனால்தான் முதலில் கொழுந்து வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. கன்று முதல் இரண்டு மாதம் செழிப்பாக நின்ற மர்மமும் விளங்கியது. அதுவரை அது நர்சரிப் பையின் மண்ணில் இருந்தது. வேர் பையைத் தாண்டி எங்கள் காரையைத் தொட்டதும் வியாதி பிடித்தது.

அக்காள் செய்த வைத்தியத்துக்கும் அன்று கணக்குத் தீர்ந்தது. சாம்பல் காரம், நோயை வளர்த்தது. ஆணி அந்த மண்ணில் துருவாகித் துருவாகவே கிடந்தது. மோர் ஒன்றுதான் சரியான திசையில் போன மருந்து. ஆனால் ஒரு சொம்புப் புளிப்பு ஒரு வண்டிச் சுண்ணாம்பை என்ன செய்யும்?

"தண்ணி எது ஊத்துறீங்கம்மா?" என்று கடைசியாக ஒரு கேள்வி வந்தது.

"போர் தண்ணிதான். கெட்டில்ல காய்ச்சினா வெள்ளையாப் படியும்."

அப்போது அந்தப் பெண் அக்காளின் முகத்தைச் சற்றுப் பார்த்தாள். அக்காள் புறங்கையை வாய்க்குக் கொண்டுபோனாள். அந்தப் பெண் மெதுவாக, "எங்க அம்மாவுக்கும் அப்படித்தாம்மா. அதுவும் இந்தத் தண்ணிதான்" என்றாள்.

எங்கள் ஜில்லாவின் பாறைகளில் ஃபுளோரைடு உண்டு. ஆழத்துத் தண்ணீர் அந்தப் பாறையில் ஊறி ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. அதற்கு மேற்பட்ட தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும்போதே கறை ஏறிவிடுகிறது. எந்தப் பற்பொடியாலும் அது போகாது. அந்த மாதிரித் தண்ணீர் பெரும்பாலும் சோடா உப்பும் காரமும் மிகுந்த தண்ணீராகவே இருக்கும். மண்ணில் விட்டால் மண்ணையும் காரமாக்கும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. நாங்கள் குழந்தையாக இருந்தபோது கிணற்றுத் தண்ணீர்தான்.

அக்காளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே, 'பல் தேய்க்காதவள்' என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போனதுண்டு. அவளோ காலையில் ஒரு தரமும் இரவில் ஒரு தரமும் ஈறு புண்ணாகும்வரை தேய்ப்பாள். என் பல்லும் அதே நிறம்தான். ஆனால் என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆண்பிள்ளைக்கு மீசை வந்தால் போதும், மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்லாத மனிதனைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. நிலத்துக் குற்றத்தை எடுத்து ஒரு மனுஷியின் பேரில் எழுதிவிட்டோம். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். தண்ணீரின் குற்றம் அவள் பல்லில். மண்ணின் குற்றம் அவள் கையில். இரண்டாவதில் காரையைக் கொட்டியவனும் நான், கதை எழுதியவனும் நான்.

"அக்கா, அந்தக் கதை..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் கதை?" என்றாள் வெளியே பார்த்தபடி. பிறகு, "கதை நல்லாத்தான் இருந்துச்சு. மண்ணைப் பத்தி ஒரு வரி சேர்த்திருக்கலாம்" என்றாள். முப்பது வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி வந்த விமரிசனங்களில் அதைவிடச் சரியான ஒன்று எனக்கு நினைவில்லை.

பரிகாரம் பெரிய விஷயமல்ல, பொறுமைதான் வேண்டும். சாம்பலையும் சுண்ணாம்பையும் அன்றோடு நிறுத்தினோம். இரண்டு ஆள் விட்டுப் பள்ளத்துக் காரையைத் தோண்டி எடுத்தோம். ஒரு டிராக்டர் பெட்டி தேறியது. அந்த இடத்தில் காட்டு மண்ணும் மக்கிய சாணி எருவும் இலைச் சருகும் நிரப்பினோம். சருகு மக்கும்போது புளிப்பு உண்டாகிறது, கரிமமும் சேர்கிறது. அவசர மருந்தாக, லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து, சாயங்கால வேளையில் வெளுத்த இலைமேல் தெளிக்கச் சொன்னார்கள். அன்னபேதி இரும்பு உப்பு. மண்ணில் போட்டால் மண் பூட்டிவிடும் என்பதால் இலை வழியாக ஊட்டுகிறார்கள். ஜிப்சம் போடலாமா என்று கேட்டேன். "அது சோடியம் மிகுந்த மண்ணுக்கு. உங்க மண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து இன்னும் எதுக்கு?" என்று தடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குப் பலித்த மருந்து நமக்கு விஷமாகலாம். பரிசோதித்த பிறகுதான் மருந்து என்பதற்கு அர்த்தம் இதுதான்.

ஆனால் அந்தப் பெண் சொல்லி அனுப்பிய இன்னொரு யோசனைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தோம். நாலு மண் தொட்டி. இரண்டில் தோண்டி எடுத்த பழைய கொல்லை மண், இரண்டில் காட்டு மண். ஒவ்வொரு மண்ணிலும் ஒரு தொட்டிக்கு மழைத் தண்ணீர், ஒரு தொட்டிக்குப் போர் தண்ணீர். நாலிலும் ஒரே நர்சரியின் ஒரே உயரக் கன்று. நாலையும் நட்டு, நாலுக்கும் தண்ணீர் விட வேண்டியவள் அக்காள். மண் இரண்டு, தண்ணீர் இரண்டு, கை ஒன்று.

கொல்லை மண்ணில் போர் தண்ணீர் குடித்த கன்று மூன்றாம் மாதம் வெளுத்தது. அதே மண்ணில் மழைத் தண்ணீர் குடித்தது சாகவுமில்லை, வளரவுமில்லை. காட்டு மண்ணில் போர் தண்ணீர் குடித்தது நன்றாக வந்து, கோடையில் கொஞ்சம் மங்கிற்று. காட்டு மண்ணில் மழைத் தண்ணீர் குடித்த நாலாவது கன்று, அடுத்த ஐப்பசிக்குள் அக்காள் இடுப்புக்கு வந்துவிட்டது. கிள்ளினால் தெருமுனை வரை மணக்கிறது.

அக்காள் அந்த நாலு தொட்டியையும் வாசலில் வரிசையாக வைத்துவிட்டாள். காய்ந்து போனதைக்கூட எடுக்க விடவில்லை. போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். அவள் யாருக்கும் ஒன்றும் விளக்குவதில்லை. "எல்லாம் நான் வெச்சதுதான்" என்று மட்டும் சொல்வாள்.

சென்ற மாதம் எங்கள் உறவுக்காரி ஒருத்தி வந்தாள். கிரகப்பிரவேசத்தன்று எழுந்த அந்தக் குரலுக்கு உரியவள். நாலாவது தொட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, பக்கத்துல ஒரு பக்கக்கன்னு வந்திருக்கே, அதைக் குடுங்களேன். உங்க கையாலேயே எடுத்துக் குடுங்க" என்றாள்.

அக்காள் சிரித்தாள். புறங்கை வாய்க்குப் போயிற்று. கைராசி என்ற பேச்சு மாறிவிட்டது. ஐம்பது வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா? பிறகு குனிந்து கன்றை வேரோடு பெயர்த்துக் காகிதத்தில் சுற்றினாள். உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்து அதையும் அவள் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"உங்க கொல்லை மண்ணு அரைக் கிலோ இதுல போட்டு எடுத்துட்டு வா. அதைப் பார்த்தப்புறம் நடலாம்."